எட்டுக் குரோனர்

லிங்வோய் தீவிலிருந்து அக்கரைக்குப்
படகுக் கட்டணம் நாற்பத்தொரு குரோனர்.
அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்,
இன்னும் ஓர் எட்டு.
எதற்கென்று கேட்பார்கள் சுற்றுலாக்காரர்கள்.
"சுரங்கத்துக்கு" என்பான் ஊட்வார்.
"எந்தச் சுரங்கம்?"
"இன்னும் தோண்டாதது."

பதினான்கு வருடம் இப்படித்தான்
இல்லாத பாதைக்குச் சுங்கம் கட்டினோம்.

நான் தீவு நகராட்சியின் கணக்கர்.
மாதக் கடைசியில் அந்த எட்டுகள்
துணிப்பையில் என் மேசைக்கு வரும்,
ஓர் ஐந்தும் மூன்று ஒற்றைகளுமாக.
எங்கள் நாட்டில் அந்தக் காசுகளுக்கு
நடுவே ஓட்டை உண்டு.
விரலில் மாட்டி ஜன்னல் வழியே
அக்கரையைப் பார்ப்பேன்.
முதலில் குடைந்தது அங்கேதான்.

முழுத்தொகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
அதனாலேயே விருந்துகளில்
என் பக்கத்து நாற்காலி காலி.

அரசாங்கம் மூன்றில் ஒரு பங்கு,
படகுக்குத் தரும் மானியத்தை மிச்சம் பிடித்து.
மாவட்டம் தருவதாகச் சொன்னது.
பிறகு தேர்தல் வந்தது.
பிறகு மாவட்டமே வேறு மாவட்டமானது.
சால்மன் பண்ணைக்காரர்கள் பத்து மில்லியன்;
தங்கள் லாரி எத்தனை அகலம் என்ற தாளும்
அதே உறைக்குள் இருந்தது.
பள்ளிப் பிள்ளைகள் வாஃபிள் சுட்டு விற்று
ஆறாயிரத்து இருநூறு.
அதற்கும் தனி வரி போட்டேன்.
தணிக்கையாளர் ஹல்ஸ்டைன் சிரித்தார்,
அடிக்கச் சொல்லவில்லை.

மீதியெல்லாம் கடன்.
இன்னும் வாங்காத கார்களின் பேரில்,
இன்னும் ஓட்டப் பழகாத கைகளுக்காக,
நான் மை ஊற்றிய பேனாவால்
மேயர் கையெழுத்துப் போட்டார்.

இல்லை, வரிசை தவறிவிட்டது.
அதற்கு முன் ஊட்வார்.

சுரங்கம் வந்தால் படகு நிற்கும்.
படகு நின்றால் அவன் எங்கே நிற்பான்?
தன் குழியைத் தானே தோண்டுவதென்று
பேச்சுக்குத்தான் சொல்வார்கள்;
அதை ரசீதோடு செய்தவன் அவன்.
காற்றில் தொப்பி பறந்த நாளிலும்
கணக்கில் ஒரு காசு பறந்ததில்லை.
பறந்தால் தேவலை என்று
நான் நினைத்த மாதங்கள் உண்டு.

நகர்மன்றத்தில் அவன் மாற்று உறுப்பினர்.
யூருன் காய்ச்சலில் படுத்த செவ்வாய்க்கிழமை
அவள் நாற்காலியில் உட்கார்ந்தான்.
கடனுக்கு ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு பத்து.
பதினோராவது கையில்
தார்க்கயிறு அறுத்த பழைய தழும்பு.

காப்பி இயந்திரத்தருகே பிடித்துக் கேட்டேன்:
"உனக்கென்ன பைத்தியமா?"
கோப்பையை ஊதினான்.
"இவ்வளவு வாங்கியாச்சு.
திருப்பிக் கொடுப்பதென்றால்
எத்தனை பேர் முகவரி தெரியும் உனக்கு?
பாதிப்பேர் இப்போது
கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள்."

இன்று ஏழு நிமிடத்தில் அக்கரை.
கடல் தலைக்கு மேலே இருப்பதை
யாரும் பேசுவதில்லை.
வட்டி ஏறியது, சுங்கமும் ஏறியது.
வாஃபிள் விற்ற மார்ட்டே
கேமராவைப் பார்த்துத்
தினமும் இரண்டு முறை திட்டிக்கொண்டு போகிறாள்.
இன்னும் பத்தொன்பது வருடம் திட்டலாம்.

ஊட்வார் அக்கரையில்
மீன் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போகிறான்.
அவனுக்கும் மாதம் ஒரு சுங்கப் பட்டியல்.
கட்டிவிடுகிறான்,
எப்போதும் எட்டுக் குரோனர் கூடுதலாக.

பிழை என்று இருமுறை கடிதம் போட்டேன்.
பதில் இல்லை.
மூன்றாவது மாதமும் எட்டு.

புதிய தணிக்கையாளர் சிரிக்காதவர்.
எந்தத் தலைப்பில் இது என்று கேட்கிறார்.
வாஃபிள் வரி இன்னும் திறந்தே இருக்கிறது.
அதில் சேர்த்துவிட்டேன்.